தம்பியின் ஈறு

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற, பிறவியிலேயே வரும் மரபணுக் குறைபாடு. முதல் பால்பல் ஒன்றரை வயதில்தான் முளைத்தது. சில நிரந்தரப் பற்கள் முளைக்கவே இல்லை. மேல்தாடை சிறுத்திருப்பதால் பல்வரிசை நெருக்கியடிப்பதும், கீழ்ப்பற்கள் முன்னால் தள்ளி நிற்பதும் இத்தகையவர்களிடம் பரவலாகக் காணப்படுபவை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொத்தையை மட்டுமே தேடிக்கொண்டிருந்த நாங்கள், இவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஈறு நோய் என்பதையும், நோய் எதிர்ப்பாற்றலில் உள்ள குறையால் அது இளம் வயதிலேயே தொடங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவிடும் என்பதையும், 22 வயதில் அவனுடைய முன்பற்கள் ஆடத் தொடங்கிய பிறகே அறிந்தோம்.

வலிக்கிறது என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. முறுக்கை ஒதுக்கினான், சோற்றைக் குழைத்துக் கேட்டான். அதை அடம் என்று நினைத்தோம். அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

முதலில் சென்ற இடத்தில், ஒத்துழைக்க மாட்டான் என்று கூறி, வாயைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 25ஆம் பிரிவில் கூறுவது அன்று எனக்குத் தெரியாது. இப்போது பார்க்கும் மருத்துவர், முதல் இரண்டு வருகைகளிலும் கருவி எதையும் தொடாமல், நாற்காலியில் உட்காரவும் சிறு கண்ணாடியைக் கையில் பிடிக்கவும் மட்டுமே அவனைப் பழக்கினார்; மூன்றாம் முறை அவனே வாயைத் திறந்தான்.

வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் என்ற மருந்தை உட்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோர், அந்த மருந்தால் ஈறு தடித்துப் பற்களின் மேல் வளர்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.