பின்பக்கம் தாழ்ந்த கார்கள்

1979இல் எனக்கு 19 வயது. பகலில் ஜூரோங்கில் ஒரு கார் பட்டறையில் எடுபிடி. வார இறுதி இரவுகளில் யுவான் சிங் சாலையில் இருந்த டிரைவ்-இன் தியேட்டரில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு கார்களுக்கு இடம் காட்டும் வேலை. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் தியேட்டர் சிங்கப்பூரில் அது ஒன்றுதான். 1971 ஜூலை 14 அன்று கேத்தே சினிமா நிறுவனம் திறந்தது. ஏறத்தாழ 900 கார்கள் நிற்கும். கார் இல்லாமல் வருவோருக்கு 300 இருக்கைகள்.

திறந்த புதிதில் பெரியவருக்கு 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிள்ளைகளுக்கு 1 வெள்ளி. கட்டணம் காருக்கு இல்லை, தலைக்கு. வில்லங்கமே அதில்தான். முன்னால் இரண்டு பேர் உத்தமர்களாக உட்கார்ந்திருப்பார்கள். டிக்கிக்குள் மூன்று பேர் மடங்கிக் கிடப்பார்கள்.

"காரோட முகத்தப் பாக்காதடா தம்பி, பின்பக்கத்தப் பாரு" என்பார் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன். பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எத்தனை விரல் போகும் என்று கண்ணாலேயே அளக்கக் கற்றுக்கொண்டேன். பட்டறையில் ஸ்பிரிங் மாற்றிப் பழகிய கைக்கு அது பெரிய வித்தையில்லை.

அந்தத் திமிரில் ஒருநாள் ஒரு மலாய்க் குடும்பத்தின் காரை நிறுத்திவிட்டேன். பின்பக்கம் தரையைத் தொடாத குறை. பெரியவர் ஒன்றும் பேசாமல் இறங்கி டிக்கியைத் திறந்தார். இரண்டு மூட்டை அரிசி. மறுநாள் வீட்டில் கந்தூரி விருந்தாம். "இதற்கும் டிக்கெட் வேண்டுமா?" என்று மலாயில் கேட்டார். உள்ளே பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. அதற்குப் பிறகு தாழ்ந்த கார்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடுவேன். அண்ணனுக்கும் அது தெரியும். கேட்டதில்லை.

படத்தின் ஒலியைக் கேட்க ஒலிபெருக்கியைக் கார்க் கண்ணாடியில் மாட்டியதை மறந்து வண்டியை எடுப்பவர்கள் உண்டு. ஓடிப்போய்த் தட்ட வேண்டும். ஆனால் எங்கள் உண்மையான எதிரி வானம்தான். மழை பிடித்தால் கண்ணாடியை ஏற்ற வேண்டும். ஏர்கான் இல்லாத கார் வேகும். இறக்கினால் கொசு. வைப்பர் ஓட ஓட, திரையில் கதாநாயகன் வந்து வந்து போவான்.

இன்னொன்றும் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. சூரியனுக்கு அந்த உத்தரவு போகவில்லை. கடிகாரத்தில் 7 ஆனாலும் வானம் வெளுத்தே கிடந்தது. இருட்டை நம்பிப் பிழைக்கும் தியேட்டருக்கு அரை மணி நேரம் சும்மா இல்லை. அதனால்தான் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. திருட்டு வீடியோ கேசட் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. மழைக்கும் கொசுவுக்கும் பயப்படாமல் சோபாவில் சாய்ந்து பார்க்கலாம். கூட்டம் மெலிந்தது. காலி இடத்தில் பையன்கள் கார்ப் பந்தயம் விட்டார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

நான் 1983இலேயே பட்டறையில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டேன். 1985 செப்டம்பர் 30 அன்று தியேட்டரை மூடியபோது அந்தப் பக்கம் போகவில்லை. அன்று ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தேன். பிறகு அந்த நிலத்தில் கோல்ஃப் பந்து அடித்துப் பழகும் இடம் வந்தது.

இப்போதும் பின்பக்கம் தாழ்ந்த கார் வந்தால், பட்டறைப் பையன்கள் ஜாக்கியை எடுக்கப் போவார்கள். நான் முதலில் டிக்கியைத் திறக்கச் சொல்வேன். போன மாதம் ஒருவர் திறந்தார். அரிசி மூட்டைதான், நான்கு.