அக்ரிப்பா விட்டுச்சென்ற 240 பேர்

நகரக் குடிநீர்ப் பகிர்மானத்தில் பொறியாளராகப் பணிக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு, ரோமானியத் தளபதிகளில் மார்க்கஸ் அக்ரிப்பாவின் மீதே மதிப்பு அதிகம். கி.மு. 36-இல் நாலோக்கஸ் கடற்போரில் செக்ஸ்டஸ் பாம்பியையும், கி.மு. 31-இல் ஆக்டியத்தில் ஆண்டனி, கிளியோபாட்ரா இருவரின் கப்பற்படையையும் முறியடித்து, பின்னாளில் அகஸ்டஸ் எனப்பட்ட ஆக்டேவியனை ரோமின் தனிப்பெரும் தலைவராக்கியவர் அவர். நான் மீண்டும் மீண்டும் படிப்பதோ, அவ்விரு போர்களுக்கும் இடைப்பட்ட கி.மு. 33-ஆம் ஆண்டைப் பற்றி.

ஏற்கெனவே ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் இருந்துவிட்ட அக்ரிப்பா, அந்த ஆண்டில் அதைவிடத் தாழ்ந்த, நகரப் பராமரிப்பைக் கவனிக்கும் ஈடைல் பதவியை ஏற்றார். அரசுக் கருவூலத்தைத் தொடாமல் தெருக்களையும் பொதுக் கட்டடங்களையும் செப்பனிட்டார். சிதைந்திருந்த பழைய நீர்க்கால்வாய்களைச் சீர்படுத்தி, ஜூலியா என்னும் புதிய கால்வாயையும் கொண்டுவந்தார். கழிவுநீர்ச் சுரங்கங்களைத் தூர்வாரச் செய்து, அவற்றின் வழியே படகில் டைபர் ஆறுவரை சென்றார். ஆண்டனியுடனான போருக்குமுன் மக்களை ஆக்டேவியன் பக்கம் ஈர்ப்பதும் இதன் நோக்கம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்த பிறகும் அவர் இந்தப் பொறுப்பைக் கைவிடவில்லை. கி.மு. 19-இல் விர்கோ கால்வாயைத் திறந்தார். அதன் நீர் இன்றும் ரோமின் ட்ரேவி நீரூற்றுக்கு வருகிறது.

எனினும் என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை, கால்வாய்களையும் பகிர்மானத் தொட்டிகளையும் பராமரிக்க அவர் நிரந்தரமாக வைத்திருந்த குழுதான். கி.மு. 12-இல் அவர் இறந்தபோது அது அகஸ்டஸுக்குச் சேர்ந்தது; அகஸ்டஸ் அதை அரசுடைமையாக்கினார். 240 பேர் கொண்ட அக்குழுவினர் அனைவரும் அடிமைகள். ஒரு மாநகரின் தாகம் தீர்த்த அவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். பின்னர் கிளாடியஸ் பேரரசர் சேர்த்த 460 பேரையும் கூட்டினால், தொட்டிக் காவலர், சுற்றுக் கண்காணிப்பாளர், பூச்சு வேலை செய்வோர், தெருவின் கல்தளத்தைப் பெயர்த்து மீண்டும் பதிப்போர் எனப் பிரிவுகள் இருந்தன. இந்தக் கடைசிப் பிரிவைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். எங்கள் பிட்டர் நள்ளிரவில் இரும்புக் கோலைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கசிவைக் கண்டுபிடித்துவிடுவார். விடிவதற்குள் அடைத்தும் விடுவார். ஆனால் தோண்டிய சாலையை மூடுவது வேறொரு துறையின் வேலை என்பதால், அந்தப் பள்ளம் வாரக்கணக்கில் வாய்பிளந்து கிடக்கும். ரோமிலோ குழாயைத் திறப்பவரும் தெருவை மூடுபவரும் ஒரே குழுவில் இருந்தார்கள்.

கி.பி. 97-இல் ரோமின் நீர்வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃப்ரொன்டினஸும் பிரிட்டனில் படை நடத்தியவரே. பணியாட்களை மேற்பார்வையாளர்கள் தனியார் வேலைக்கு அனுப்பிவந்ததையும், தெருவுக்கு அடியில் திருட்டுக் குழாய்கள் ஓடுவதையும் அவர் கண்டார். குழாய்களைப் பிடுங்கச் செய்தார். ஆட்களுக்கோ, மறுநாள் வேலையை முந்தைய நாளே எழுதிக்கொடுத்து, அன்றன்று முடித்ததைப் பதிவேட்டில் ஏற்றச் செய்தார். எங்கள் பிரிவு அலுவலகத்திலும் காலையில் முதலில் திறக்கப்படுவது அத்தகைய பதிவேடுதான்.