வண்டிப் பித்து

2016 மார்ச் 6

கண்ணில் விழுந்து பிடித்த பித்து என்று பலர் சொல்வார்கள். எனக்கு இது காது வழியாக வந்தது. எதிர்வீட்டுக்காரர் காலையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிச் சூடாக விட்டுவிட்டு உள்ளே போவார். போன வருடம்வரை அது வெறும் இரைச்சல், ஜன்னலைச் சாத்துவேன். இப்போது வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெருமுனையில் திரும்பும் வண்டி ஒற்றை சிலிண்டரா இரட்டையா என்று எட்டிப்பார்க்காமலே சொல்லிவிட முடிகிறது.

ஏன் அப்படிக் கேட்கிறது என்று தேடிப் படித்தேன். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், உள்ளே சுழலும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் சிலிண்டரில் ஒரு வெடி. நின்ற இடத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு எட்டு வெடி. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அந்த வெடிகளைக் காது ஏறக்குறையத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. ஹார்லி டேவிட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்து வண்டியின் கதை வேறு. அவர்களுடைய வழக்கமான எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி இடைவெளியில் சாய்ந்து நிற்கின்றன; இரண்டு பிஸ்டன்களும் கிராங்கின் ஒரே பின்னில் மாட்டியிருக்கின்றன. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே 315 டிகிரி, அதற்கடுத்து 405 டிகிரி. அந்த நொண்டித் தாளத்துக்கே வணிக முத்திரை வேண்டும் என்று 1994-இல் விண்ணப்பித்து, போட்டி நிறுவனங்கள் எதிர்க்க, 2000-இல் கைவிட்டிருக்கிறார்கள். ஒரு சத்தத்துக்குச் சொந்தம் கொண்டாட ஆறு வருடம்! எனக்கு மட்டும்தான் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016 ஜூலை 17

சித்தப்பா கற்றுத்தருகிறார். காலி மைதானம், அவருடைய பழைய வண்டி. முதல் நாள் முழுக்க ஒரே பாடம்.

"ஆக்சிலரேட்டரை மறந்துவிடு அம்மா. கிளட்சை மட்டும் விடு. மெதுவாக."

"வண்டி நின்றுவிடாதா சித்தப்பா?"

"நிற்கட்டும். திரும்பக் கிளப்பிக்கொள்ளலாம்."

இடது கை விரல்கள் நெம்புகோலை விட்டுக்கொண்டே வருகின்றன, ஒன்றும் நடப்பதில்லை. பிறகு ஓர் இடத்தில் எஞ்சினின் குரல் அரைப்படி இறங்குகிறது. வண்டியின் பின்பக்கம் லேசாக அமர்கிறது. அங்கே விரலை நிறுத்தினால் ஆக்சிலரேட்டர் இல்லாமலே வண்டி நடக்கத் தொடங்குகிறது. உள்ளே எஞ்சினோடு சுழலும் தட்டுகளும் கியர்பெட்டியோடு சேர்ந்த தட்டுகளும் எண்ணெயில் நனைந்தபடி ஒன்றையொன்று உரசிப் பிடிக்கும் இடம் அது. விரலை இன்னும் ஒரு நூல் விட்டால் ஓட்டம், ஒரு நூல் இழுத்தால் நிற்றல். இடைப்பட்ட அந்தத் துளி இடத்திலேயே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மணிக்கட்டு வலிக்கிறது. நாளைக்கும் போகலாமா என்று நான்தான் கேட்டேன்.

2016 செப்டம்பர் 25

மோட்டார் சைக்கிளின் பிறப்பே ஒரு விபத்து மாதிரி. 1885-இல் ஜெர்மனியில் டைம்லர், மேபாக் என்ற பொறியாளர்கள் தங்கள் சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சோதித்துப் பார்க்க ஒரு மரச் சட்டத்தில் பூட்டினார்கள். அரைக் குதிரைத்திறன்தான், விழாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம் வேறு. எரியவைக்கும் சூட்டுக் குழாய் இருக்கைக்கு அடியிலேயே இருந்ததால் ஓட்டத்தில் இருக்கை தீப்பிடித்ததாகச் சொல்வார்கள். அவர்கள் மனதில் இருந்தது எஞ்சின். வேலை முடிந்ததும் நாலு சக்கரத்துக்குப் போய்விட்டார்கள். விற்பனைக்கென்று வரிசையாகத் தயாரான முதல் வண்டி 1894-இன் ஹில்டெப்ராண்ட் உண்ட் வுல்ஃப்முல்லர். மோட்டாராட் (ஜெர்மன் மொழியில் மோட்டார் சைக்கிள்) என்று பெயர் வைத்ததும் அந்த நிறுவனத்தார்தான்.

2017 பிப்ரவரி 12

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அதோடு பசியும் வந்திருக்கிறது. இரவில் தூக்கம் வராமல், எஞ்சினின் கொள்ளளவைச் சொல்லும் சி.சி. கணக்கும் குதிரைத்திறன் கணக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் 350 போதும் என்றிருந்தேன்; இன்றைக்கு 650. இந்த வேகத்தில் போனால் ஆண்டு முடிவதற்குள் லிட்டர் எஞ்சினுக்கு, அதாவது ஆயிரம் சி.சி.க்கு, போய்விடுவேன். என்னிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

2017 அக்டோபர் 8

பழைய 150 சி.சி. வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். கார்புரேட்டர், கிக்கர், டேங்கில் ஒரு நசுங்கல். வாங்கப் போன இடத்தில் விற்றவர் பேச்சு முழுவதும் கூட வந்த தம்பியிடம்தான். மைலேஜ் எவ்வளவு என்று நான் கேட்டேன். பதில் அவனுக்குப் போனது. அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. கிளம்பும்போது சாவியையும் அவனிடமே நீட்டினார். அவன் அதை வாங்கி, சிரிக்காமல் என் கையில் வைத்தான்.

2018 ஜனவரி 21

இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். எழுதும்போதே தப்பாகத் தெரிகிறது. தள்ளினால் சக்கரம் வலப்பக்கம் அல்லவா திரும்பும்? திரும்புகிறது, கணநேரத்துக்கு. அதனால் டயர் தரையைத் தொடும் இடம் வலப்பக்கம் விலக, மேலே இருக்கும் எடை இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் சக்கரம் தானாக இடப்பக்கம் திரும்பி வளைவைப் பிடித்துக்கொள்கிறது. உருட்டும் வேகத்தில் இது தெரியாது. கொஞ்சம் வேகம் எடுத்த பிறகு ஓட்டுகிற ஒவ்வொருவரும் இதைத்தான் செய்கிறார்கள், செய்வது தெரியாமல். விமானம் கட்டிய வில்பர் ரைட் சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் கேட்டபோது ஒருவர்கூட முழுக்கச் சரியாகச் சொல்லவில்லையாம்.

இன்று காலை நேரான வெறும் சாலையில், வேண்டுமென்றே, உள்ளங்கையால் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். வண்டி சட்டென்று சாய்ந்தது. வயிற்றில் ஒரு குளிர். மறுபக்கம் அழுத்தினேன், நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்தது. உடம்பை வளைக்கவில்லை, கைப்பிடியைத் திருகவில்லை. இத்தனை நாளும் வண்டியோடு நான் பேசியதாக நினைத்ததெல்லாம் என் கைகள் எனக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவை. சி.சி. கணக்கு பார்க்கும் ஆசை இன்றோடு குறைந்துவிடும் போலிருக்கிறது. இந்த 150 சி.சி.யிலேயே தெரிந்துகொள்ள இன்னும் இவ்வளவு இருக்கிறதே.

2018 மே 13

ஹெல்மெட் போட்டால் காற்று முகத்தில் படுவதில்லை, ஓட்டுவதில் என்ன சுகம் என்று ஒரு தோழி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். 1935-ஆம் ஆண்டு இதே மே 13 அன்று இங்கிலாந்தில் டி. இ. லாரன்ஸ், அரேபியப் பாலைவனப் போரில் பேர்பெற்ற அதே லாரன்ஸ், தன் பிரஃப் சுப்பீரியர் வண்டியில் போகும்போது சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்கப் போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றுமில்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஒருவர். அந்த மனிதர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ராணுவத்தில் தபால் சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

தோழி கேட்டுக்கொண்டாள். ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை. என் பின்னால் உட்காருவதென்றால் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

2019 ஆகஸ்ட் 4

ஞாயிறு முழுவதும் வண்டிக்கு அடியில். செயினில் பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து களிம்பாகியிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கியரில் போட்டுச் சுற்றவிட்டுத் துடைக்கப்போய் விரலை இழந்தவர்கள் உண்டு.

பிறகு ஸ்பார்க் பிளக். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் பீங்கான் முனை கறுத்து, புகைக்கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடேறுகிறது. வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். நாக்கை நீட்டச் சொல்லி நோய் சொல்லும் வைத்தியர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். முனை கறுப்பு. ஏர் ஃபில்டரைத் திறந்தால் அடைத்துக்கொண்டு ஒரே தூசி. போன மாதத்திலிருந்து வண்டி இழுக்க மறுத்ததும், பெட்ரோல் குடித்ததும், ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் டப்பென்று ஒரு சத்தம் வந்ததும் இதனால்தான். காது முன்பே சொன்னது. என்னவென்று புரிந்துகொள்ள இப்போதுதான் கற்றிருக்கிறேன்.

2020 ஜூன் 14

வெளியே போக முடியாத நாட்கள். பேட்டரி இறங்காமல் இருக்க அவ்வப்போது கிளப்புகிறேன். மற்ற நேரமெல்லாம் பர்ட் மன்ரோ.

நியூசிலாந்துக்காரர். 1920-இல், இருபத்தொன்றாவது வயதில், இண்டியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 600 சி.சி. ஸ்கவுட் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கினார். மணிக்கு 90 கிலோமீட்டரைக்கூட எட்டாத வண்டி. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த வண்டியைத் திருத்திக்கொண்டே இருந்தார். பிஸ்டன்களைப் பழைய டின்களை அச்சாக வைத்துத் தானே வார்த்தார். அளவு பார்க்க மைக்ரோமீட்டருக்குப் பதில் சக்கரத்தின் பழைய ஸ்போக் கம்பி. உடைந்த பாகங்களை எறியவில்லை. அலமாரியில் அடுக்கி, வேகக் கடவுளுக்கு இட்ட காணிக்கை என்று எழுதிவைத்தார். 1967-இல், அறுபத்தெட்டு வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 295 கிலோமீட்டர் என்று சாதனை. எஞ்சின் அதற்குள் 950 சி.சி. ஆகியிருந்தது. கூட்டிச் சராசரி எடுத்ததில் பிழை என்று பிறகு மகன் கண்டுபிடித்துச் சொல்ல, 2014-இல் அந்த எண்ணை இன்னும் சற்று உயர்த்தித் திருத்தினார்கள்.

எல்லோரும் 295-ஐச் சொல்லி வியக்கிறார்கள். என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த அலமாரி. எத்தனை முறை உடைந்திருந்தால் அலமாரி நிறையும்! அடுத்த மாடல் எப்போது வரும் என்று காத்திருக்கும் நமக்கெல்லாம் அந்த மனிதர் வேறு இனம். என் 150 சி.சி.யை விற்கும் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

2021 ஜூலை 4

பெண்கள் வண்டி ஓட்டுவது புது நாகரிகமாம். 1916-இல் இதே நாளில் அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு இண்டியன் வண்டியில் நியூயார்க்கிலிருந்து அமெரிக்காவைக் குறுக்கே கடக்கக் கிளம்பினார்கள். போர் வந்தால் பெண்களும் செய்தி சுமக்க முடியும் என்று காட்டுவதற்காக. வழியில் போலீஸ் பிடித்தது: ஆண்களைப் போல உடுத்தியதற்காக! செப்டம்பரில் மறுகரை சேர்ந்தார்கள். ராணுவம் அப்போதும் சேர்த்துக்கொள்ளவில்லை. சாவியைத் தம்பியிடம் நீட்டியவருக்கு இதைச் சொல்ல ஆசை.

2022 நவம்பர் 13

நீண்ட பயணம், பாதி வழியில் மழை. பெருமழையைவிட முதல் தூறல்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவிப் போகாமல் மேலே மிதந்து வரும். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இணைப்பு, எல்லாம் வழுக்கும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அகலம்தான். முன்னால் போன லாரிக்கும் எனக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கினேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற கணக்கு மழையில் இன்னும் கொடுமை. முன் பிரேக்கை விரலால் பிழிவதுபோல மெல்ல மெல்ல அழுத்தினேன். எடை முன்சக்கரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது கெட்டியாகப் பிடிக்கும். ஈரமான நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்த அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வருடத்தின் மிக நல்ல ஓட்டம் என்று வீட்டில் சொன்னேன். நம்பவில்லை.

2024 பிப்ரவரி 18

மின்சார வண்டி ஒன்றை ஓட்டிப்பார்த்தேன். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, வெடிச் சத்தம் இல்லை. இது வண்டியே அல்ல என்று பழகிய நண்பர்கள் ஒரே கூச்சல். ஓட்டிப்பார்க்காமலே கூச்சல், அதுதான் எரிச்சல். எஞ்சின் அடங்கியதும் மற்றதெல்லாம் கேட்கிறது: டயர் தார்ச்சாலையில் உரசுவது, செயினின் மெல்லிய கீச்சொலி, சரளையில் ஏறும்போது அது மாறுவது. வளைவில் உள்ளங்கையால் அழுத்தினேன், சாய்ந்தது. அந்த விதி மாறவில்லை. வாங்குவேனா என்றால், இப்போது இல்லை. என் இடது கைக்கு வேலை வேண்டும்.

2024 செப்டம்பர் 1

இடது கைக்கு வேலை வேண்டும் என்று எழுதிய வாய்முகூர்த்தம், இன்று நடுவழியில் கிளட்ச் கேபிள் அறுந்தது. நெம்புகோல் தொளதொளவென்று தொங்கிற்று. கழற்றிப் பார்த்தால், நெம்புகோலுக்குள் நுழையும் முனையில் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக முன்பே அறுந்து, கடைசி இழைகள் இன்று போயிருக்கின்றன.

நியூட்ரலில் கிளப்பி, ஏறி உட்கார்ந்து, இரு காலாலும் உந்தி, வண்டி உருளத் தொடங்கியதும் முதல் கியரைத் தட்டினேன். ஒரு குலுக்கலோடு ஓடியது. மேல் கியருக்கு, ஆக்சிலரேட்டரை ஒரு நொடி விட்டு அதே நொடியில் கால் பெருவிரலால் தூக்கினால் விழுந்துவிடுகிறது. கீழே இறக்குவதுதான் நுணுக்கம்: லேசாக முடுக்கி, எஞ்சின் சுற்று அந்தக் கியருக்கு ஒத்துவரும் சத்தத்தைக் கேட்டு அழுத்த வேண்டும். சிக்னல்கள் இல்லாத சுற்றுவழியாக, எங்கும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

கேபிள் இரண்டாக வாங்கியிருக்கிறேன். ஒன்றை மாட்டியாயிற்று. மற்றொன்றுக்கு எண்ணெய் விட்டு, முனைகளில் டேப் சுற்றி, அதற்குப் பக்கத்திலேயே டேங்குக்கு அடியில் இழுத்துக் கட்டிவைத்திருக்கிறேன். அடுத்த முறை அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் போதும்.