சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

எங்கள் மெடிக்கலுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டில் மருந்து வாங்குகிறவர்கள். கடை என்னவோ வேலூரில்தான் இருக்கிறது, ஐடா ஸ்கடர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில். ஆனால் டாக்காவிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும் கொல்கத்தா வந்து, ரயிலில் ஒன்றரை நாள் உட்கார்ந்து காட்பாடியில் இறங்குகிறவருக்கு இது வெளிநாடுதானே. டி.பார்ம் என்கிற மருந்தாளர் டிப்ளமா முடித்துவிட்டு 2009ல் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றபோது எனக்கு அது உறைக்கவே இல்லை.

சேர்ந்த முதல் மாதம் ஒருவர் வந்து "நாபா, நாபா" என்றார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன், இல்லை. "நோ ஸ்டாக்" என்று அனுப்பிவிட்டேன். பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த சீனியர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நாபா என்பது பங்களாதேஷில் வீட்டுக்கு வீடு இருக்கும் பாராசிட்டமால், நமக்கு டோலோ, கால்பால் மாதிரி. பத்து கம்பெனி பாராசிட்டமாலை முதுகுக்குப் பின்னால் அடுக்கி வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரரை இல்லையென்று அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். நாபா என்றால் பாராசிட்டமால், செக்லோ என்றால் வயிற்று எரிச்சலுக்கான ஒமிப்ரசோல் என்று எழுத ஆரம்பித்தது. கூடவே வங்காள மொழியில் வெறும் வயிற்றுக்கு "காலி பேட்டே", சாப்பிட்ட பிறகு என்பதற்கு "காபார் பொரே". 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கெடுபிடியால் பங்களாதேஷ் கூட்டம் குறைந்தது, ஆனால் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று பேச்சுக்குக் குறைவில்லாததால் நோட்டு இன்னும் ஓடுகிறது.

பிராண்டு பெயர் என்பது ஊருக்கு ஊர் மாறுகிற செல்லப்பெயர். மாறினால்கூடப் பரவாயில்லை, ஒரே பெயரில் வேறு மருந்து இருந்தால்தான் வம்பு. ஃப்ளோமாக்ஸ் என்று அமெரிக்காவில் கேட்டால் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், இத்தாலியில் அதே பெயரில் இருந்தது வலி, அழற்சிக்கான மருந்து. இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006லேயே அவர்கள் ஊர் பயணிகளை எச்சரித்தது. அதனால் அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும்தான் குறித்துக்கொண்டு போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: நம் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். மகன் வீட்டுக்குப் போன ஒருவர் இங்கிருந்து கொண்டுபோன டோலோவையும் அங்கே வாங்கிய டைலினாலையும் "இது காய்ச்சலுக்கு, அது உடம்பு வலிக்கு" என்று சேர்த்துப் போட்டிருக்கிறார். இரண்டும் ஒன்று. அளவு மீறினால் கல்லீரலைப் பதம் பார்க்கும்.

சரி, எங்கள் தொழிலின் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டை வெட்டுவது. பத்து மாத்திரை அட்டையில் நாலு போதும் என்பார், கத்தரியை எடுத்து வெட்டிக் கொடுப்போம். பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும், அது எங்களிடம் தங்கிவிடும். வாங்கியவர் கையில் இருப்பது வெறும் வெள்ளித்தாள், நடுவில் பாதி வெட்டுப்பட்ட மூன்று ஆங்கில எழுத்து. உள்ளூர்க்காரர் என்றால் மறுநாள் வந்து கேட்பார். பங்களாதேஷில் சில்ஹெட் போய்ச் சேர்ந்தவர் யாரிடம் கேட்பார்? அங்கிருக்கும் டாக்டரிடம் அந்தத் துண்டை நீட்டினால் அவரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். இப்போது ஊருக்குக் கிளம்புகிறேன் என்று யார் சொன்னாலும் முழு அட்டைதான் தருகிறேன். மீதி ஆறு மாத்திரையை நான் தலையில் கட்டுவதாகச் சிலர் நினைப்பார்கள், முகத்திலேயே தெரியும்.

என்னை உண்மையில் மாற்றியது ஒரு ஊசி. குடியாத்தம் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது தாண்டியவர், எங்களிடமே பல வருஷமாக இன்சுலின் வாங்குகிறவர். மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகிறார் என்றதும் இரண்டு மாதத்துக்கு இன்சுலின், கூடுதலாகவே சிரிஞ்சு எல்லாம் கட்டிக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் பை, ஐஸ் ஜெல், லக்கேஜில் போடாதீங்க உறைஞ்சிடும், கைப்பையிலேயே வையுங்க, டாக்டர் சீட்டையும் பில்லையும் சேர்த்து வையுங்க. எல்லாம் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று.

நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. சிங்கப்பூர், அமெரிக்கா, இங்கிலாந்து பக்கம் போனால் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அந்த அம்மா அங்கே தங்குவது நீண்டு, கொண்டுபோன பாட்டில் தீர்ந்துபோனது. மகள் டாக்டரிடம் காட்டி, அதே மருந்தை அங்கே வாங்கித் தந்திருக்கிறாள். மருந்து சரி, பெயர் சரி. ஆனால் சிரிஞ்சு மட்டும் நான் கட்டிக்கொடுத்த சிவப்பு மூடி, அதுதான் இன்னும் நிறைய மிச்சம் இருந்ததே. வழக்கம்போல 20 கோடு வரைக்கும் இழுத்திருக்கிறார். அந்தக் கோட்டுக்கு அரை மில்லி. புது மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட், இரண்டரை மடங்கு. குளித்துவிட்டு வருவதற்குள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. மகள் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதால் பிழைத்தார்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் கடைக்குத்தான் வந்தார். கோபமெல்லாம் இல்லை. "இன்னா தம்பி, ஊசி ஊசிதானேனு நெனச்சேன், அதுல கூட நாப்பது நூறுனு கீதா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. டி.பார்மில் பரீட்சைக்குப் படித்த விஷயம் அது, எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் வெளிநாடு என்ற வார்த்தை காதில் விழுந்தாலே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். போன வருஷம் வாணியம்பாடிக்காரர் ஒருவர் துபாய்க்குத் திரும்புகிறார், ஆறு மாதத்துக்கு "நரம்புச் சத்து மாத்திரை" கேட்டார். சர்க்கரையால் கால் எரிச்சல், டாக்டர் எழுதியது. அட்டையைப் பார்த்தால் மெத்தில்கோபாலமின் என்ற பி12 சத்தோடு, நரம்பு வலிக்கான பிரிகாபலின். சத்து மாத்திரை என்று நாம் சொல்லும் அதே பிரிகாபலின் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வலிக்குப் போடும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்குப் போடும் ஆல்பிரசோலம் எல்லாமே அங்கே அந்த வரிசைதான். டாக்டர் சீட்டு வேண்டும், அவர்கள் அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாமல் அட்டையோடு கொண்டுபோக வேண்டும் என்றேன். "அம்மா போட்டுக் கொடுக்குற கசகசாவே அங்க ஆகாது சார், பையிலேருந்து எடுத்துடுங்க" என்றும் சொன்னேன். அவருக்கு எரிச்சல். "மாத்திரை குடுக்குற கடையா, வக்கீல் ஆபீஸா பாய் இது?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். வேறு கடையில் வாங்கியிருப்பார். என்ன ஆனதோ.

இதயத்தில் வால்வு மாற்றியவர்கள் விஷயத்தில் இன்னும் பயம் எனக்கு. இங்கே ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், அதாவது அசினோகுமரால், நிறைய எழுதுகிறார்கள். அமெரிக்காவில் அது விற்பனையிலேயே கிடையாது, வார்ஃபரின்தான். இரண்டும் ஒரே வேலை செய்யும், ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றிப் போட முடியாது. தீர்ந்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களை அப்படியே டாக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. லாட்ஜ் வாசலிலேயே நின்று, புதிதாக வந்தவரைக் கையைப் பிடித்து ஒரு குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போய், பில் இல்லாமல் "டிஸ்கவுண்ட்" வாங்கித் தருகிற ஆட்கள். வங்காளிக் குடும்பம் ஒன்று இப்படி வாங்கிய மருந்தை என்னிடம் காட்டிச் சரியா என்று கேட்டது. சரியா தவறா என்று அட்டையைப் பார்த்து எப்படிச் சொல்வது? பில் இருந்தால் அதிலுள்ள பேட்ச் நம்பரை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், கம்பெனியிடம் கேட்கலாம். பில் இல்லாத மருந்துக்கு அப்பன் பெயர் தெரியாது. ஏழை, நடுத்தர நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றதோ போலியோ என்று உலக சுகாதார நிறுவனம் 2017ல் சொன்னது, அந்தப் பத்தில் ஒன்று எது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற திறமை எனக்கும் இல்லை.

இப்போது கிளம்புகிறவர் எல்லோருக்கும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன்: மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எதற்கு. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிஷம் ஆகிறது, வரிசை நீள்கிறது, ஓனர் கல்லாவிலிருந்து செருமுவார். அவர் கஷ்டம் அவருக்கு.

குடியாத்தம் அம்மா மாதாமாதம் வருகிறார். நான் பாட்டிலை வைத்ததும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, லேபிளில் 40 எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிப் பிடித்து, சிரிஞ்சு மூடியையும் வெளிச்சத்தில் ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்கிறார்.