பின்னணி இசையைக் குறித்துக்கொண்டே பார்த்த படங்கள்

அண்மைக் காலமாக, பின்னணி இசை எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, அது இல்லாத நேரத்தில் என்ன ஓசை கேட்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே படங்களைப் பார்த்து வருகிறேன்.

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ (2024) படத்தில் பின்னணி இசையே கிடையாது. காதலை மறக்கவைப்பதற்காக மீனாவை உறவினர்கள் சாமியாடியிடம் ஆட்டோவில் அழைத்துச் செல்லும் அந்தப் பயணத்தில், வண்டியின் இரைச்சலும் பலிக்காகக் கொண்டுவரும் சேவலின் சிறகடிப்பும்தான் நம்முடன் வருகின்றன. சூரி ஏற்ற பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, மிரட்ட நினைக்கும் இடத்திலும் குரல் எழாமல் திணறுகிறான். மீனாவாக நடித்த அன்னா பென் ஏறக்குறைய படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. இசை சேர்த்திருந்தால், அவளுடைய மௌனம் பயமா, பிடிவாதமா என்பதை அதுவே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். இப்போது அந்த முகத்தை நாமே படிக்க வேண்டியிருக்கிறது. இந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்த படம் இதுதான்.

ஜியோ பேபியின் மலையாளப் படமான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) காய் நறுக்கும் ஓசை, தேங்காய் துருவும் ஓசை, பாத்திரம் கழுவும் ஓசை ஆகியவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தே நாயகியின் அலுப்பை நம் உடம்பில் ஏற்றிவிடுகிறது. ஒழுகும் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்ய ஆள் வராமலே நாட்கள் போவது எனக்கு எந்த வசனத்தையும் விட அழுத்தமாகப் பட்டது. அதனாலேயே இறுதியில் வரும் பாட்டும் நடனமும் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்கிரி மென்’ (1957) பெரும்பாலும் ஒரே அறையில் நடக்கிறது. புழுக்கமும், பிறகு கொட்டும் மழையும் அங்கே இசையின் வேலையைச் செய்கின்றன. விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023) படத்தில், டோக்கியோவின் பொதுக் கழிப்பறைகளைத் துப்புரவு செய்யும் ஹிராயாமா தெருவில் பெருக்கும் ஓசை கேட்டுக் கண்விழிக்கிறார். பாட்டுகள் அவர் தம் வேனில் போடும் கேசட்டிலிருந்து வருவதால், அவருக்குக் கேட்பதே நமக்கும் கேட்கிறது. ஹிராயாமாவாக வரும் கோஜி யாகுஷோவின் நடிப்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இசை வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாமல் என்னைத் தடுத்தது பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து இளையராஜாவின் இசையை எடுத்து, அதை மிகச் சிக்கனமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைச் சுற்றிப் பார்க்கும் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். முதியவர் ஒருவர் அறை அறையாக நடப்பது மட்டும் தெரிந்தது. அவருடைய பெருமிதம் பாதிக்கு மேல் அந்த இசையில்தான் இருந்திருக்கிறது.