எங்கே மக்கும்?

எங்கள் கல்வி வளாகத்தில் மக்கும் கோப்பைகளுக்கு மாறிய முதல் வாரத்தில், சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் குப்பை பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் என்னை நிறுத்தினார். "சார், இது பிளாஸ்டிக் மாதிரியே இருக்கு, எதுல போடறது?" என்று கேட்டார். "இது பிளாஸ்டிக் இல்லம்மா, மக்கிடும்" என்றேன். அவர் கோப்பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க சார் மக்கும்?" என்றார். "மண்ணுலதான்" என்று சொல்லிவிட்டு நான் கூட்டத்துக்கு விரைந்தேன். ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தப் பேச்சு, ஓராண்டுக்கு மேலாகியும் என்னை விடவில்லை.

அறியாமல் சொல்லியிருந்தால் இவ்வளவு உறுத்தாது. அந்தக் கோப்பைகளை வாங்கலாம் என்று பரிந்துரைக் குறிப்பு எழுதியவன் நான். கொள்முதல் கோப்பில் இருந்த சான்றிதழை வரி விடாமல் படித்திருந்தேன். ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி சோதிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. அந்தத் தரம் பேசுவது தொழிற்சாலை அளவிலான உரமாக்கலைப் பற்றி. ஏறத்தாழ 58 டிகிரி வெப்பம் விடாமல் பராமரிக்கப்படும் சூழலில், 12 வாரங்களில் பொருள் சிதைய வேண்டும், 6 மாதங்களுக்குள் 90 விழுக்காடு மக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. கோப்பை பிஎல்ஏ என்னும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. தாவரச் சர்க்கரையை நொதிக்கவைத்துச் செய்யும் பொருள்தான். ஆனால் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும்போதுதான் அது இளகி, நீர் உள்ளே புகுந்து, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வேகமாக அறுபடத் தொடங்கும். நுண்ணுயிர்களின் வேலை அதற்குப் பிறகுதான். சாதாரண மண்ணில் அந்தக் கோப்பை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இது தெரிந்தும் "மண்ணுலதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவசரம் ஒரு காரணம். இன்னொன்று, சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும் காரணம்: அவருக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படாது என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். கோப்பைகளை முடிவுசெய்த குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், வெப்பநிலை, தரம், நிபந்தனை என்று பத்து நிமிடம் விளக்கியிருப்பேன். அங்கே எவரும் கேட்கவில்லை. 2015 வரை உலகில் சேர்ந்த சுமார் 630 கோடி டன் நெகிழிக் கழிவில் 9 விழுக்காடுதான் மறுசுழற்சியானது என்ற 2017ஆம் ஆண்டு ஆய்வின் கணக்கைத் திரையில் காட்டினேன், எல்லோரும் தலையசைத்தார்கள். உலகத்தின் குப்பைக்கு எங்களிடம் எண் இருந்தது. எங்கள் கோப்பை குடித்து முடித்தபின் எங்கே போகும் என்று கேட்டவர், அதைக் கையால் எடுக்கும் அந்த ஒருவர் மட்டுமே.

அதே வேளையில், அந்த முடிவை முழுத் தவறு என்று இன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்கு முன் புழங்கியவை தெர்மோகோல் கோப்பைகள். அவை நொறுங்கி மணிமணியாகப் பறந்து வடிகாலெங்கும் மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் டம்ளர் யோசனையை முதலில் முன்வைத்தவனும் நானே. கழுவ ஆள் இல்லை, இடம் இல்லை, கூட்ட நேரத்தில் சமாளிக்க முடியாது என்று அது தள்ளப்பட்டது. கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நிலையில் எடுத்த முடிவு அது. அரைகுறையான நல்ல காரியமும் தேங்கிக் கிடப்பதைவிட மேல் என்று அப்போது நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை பாதி இருக்கிறது, பாதி இல்லை.

நான் அறியாதது, அவர் என் பதிலை அப்படியே ஏற்று நடந்தார் என்பது. மண்ணில் மக்கும் என்று சார் சொன்னதால், அந்தக் கோப்பைகளை மட்டும் தனியாகப் பொறுக்கி, தனி மூட்டையாகக் கட்டி, வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் இலை உரக்குழிக்குத் தினமும் சுமந்துபோய்ப் போட்டிருக்கிறார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து, உரத்தில் ஏதோ கலந்திருக்கிறது, சலித்து மாளவில்லை என்று தோட்டப் பணியாளர்கள் முறையிட்டபோதுதான் நான் அங்கே போனேன்.

குழியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக் குழாயடியில் கழுவினேன். விளிம்பில் ஒரு கீறல் இருந்தது, பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. அடியில் முக்கோணத்துக்குள் பொறித்திருந்த 7 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. நீர் ஊற்றினேன், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சுற்றிலும் இலைகள் கறுத்துப் பொடியாகி நல்ல உரமாகியிருந்தன. குழிக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு இருந்தது, அவ்வளவுதான்.

அவரைத் தேடிப்போய், நான் சொன்னது சரியில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. பாட்டில்களோடு போடாமல் இருந்ததே நல்லது, முதல் வாரம் நாலைந்து கலந்துபோய் பழைய பொருள் வாங்குபவர் ஒரு மூட்டையையே திருப்பிவிட்டார் என்றார். அதன் காரணமும் எனக்குத் தெரியும். பிஎல்ஏவும் பாட்டில் செய்யும் பெட் நெகிழியும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், நீரில் போட்டால் இரண்டுமே மூழ்கும். பெட் சில்லுகளைச் சூடாக்கி உலர்த்தும்போது பிஎல்ஏ உருகிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இதையும் நான் படித்திருந்தேன், இதையும் அவருக்குச் சொல்லவில்லை. அவரோ தாமே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோப்பையைக் காதருகே வைத்து நசுக்கிக் காட்டினார்: "பாட்டில் நசுங்கும் சார், இது வெடிக்கும்." அவர் விரல்களுக்கிடையில் அது சடக்கென்று உடைந்தது.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அவருக்கு ஏழு மாதச் சுமை இருந்திருக்காது, உரம் கெட்டிருக்காது. ஆனால் கோப்பைகள் பொதுக் குப்பையோடு கிடங்குக்குத்தான் போயிருக்கும். உண்மை அவற்றுக்கு வேறு இடத்தை உண்டாக்கியிருக்காது. எப்படியும் பிழை என் பதிலில் மட்டும் இல்லை, போக இடமில்லாத பொருளை வாங்கியதில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். உடனே, வாங்கச் சொன்னதும் நான்தானே என்ற நினைப்பு வருகிறது.

ஆண்டறிக்கையில், ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் கோப்பைகள் முற்றிலும் நீக்கப்பட்டன என்று எழுதியவனும் நானே. குழு வகுத்த வரையறைப்படி அது பொய்யில்லை. ஒரு சிற்றுண்டிச்சாலையில் இப்போது டம்ளர்களும் கழுவும் இயந்திரமும் வந்துவிட்டன. மற்றவற்றுக்குக் கோரிக்கை கொடுத்திருக்கிறேன். அந்த வரியைத் திருத்தினால், கோரிக்கைக்கு ஆதரவாக இருப்பவர்களும் பின்வாங்குவார்களோ என்று தயங்குகிறேன். திருத்தாமல் விட்டால், அவரிடம் சொன்னதையே இன்னும் பெரிய கூட்டத்துக்குச் சொல்வதாகிறது. இந்த ஆண்டு வரைவில் அந்த வரியை இருமுறை மாற்றி எழுதி, இருமுறையும் பழையபடி வைத்திருக்கிறேன்.

குழியிலிருந்து சலித்தெடுத்த கோப்பைகள் மூட்டைகளாகக் கட்டிப் பண்டக அறையில் அடுக்கப்பட்டன. கடைசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவர் கேட்டார்: "இனி இதை எங்க சார் போடறது?" தெரியவில்லை அம்மா, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.