பொது பேபல் பிரீசெட்: எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது

புது ஜாவாஸ்கிரிப்ட் கோடைப் பழைய பிரவுசர்களும் ஓட்டும்படி மாற்றும் கருவி பேபல். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் அதன் கான்ஃபிக்கை காப்பி அடித்து வைத்திருந்தோம். ஒன்றில் பிளகின் (ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்யும் துணைப் பகுதி) சேர்த்தால் மற்றவை பின்தங்கிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே பிரீசெட்டாக்கி, எங்கள் உள் என்பிஎம் ரிஜிஸ்ட்ரியில் (பேக்கேஜ்களை வைத்துப் பகிரும் இடம்) ஏற்றினோம். பிரீசெட் என்பது வெறும் ஃபங்ஷன்தான். தேவையான பிளகின்களை ஒரு ஆப்ஜெக்ட்டில் வைத்துத் திருப்பித் தரும்.

முதலில் அடி வாங்கியது பாத் விஷயத்தில். பிரீசெட்டுக்குள் பிளகின் பெயரை வெறும் ஸ்ட்ரிங்காக எழுதினால், பேபல் அதைப் பிரீசெட்டின் ஃபோல்டரிலிருந்து தேடாது. அதைப் பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டின் கான்ஃபிக் இருக்கும் இடத்திலிருந்து தேடும். என்பிஎம்மில் எல்லா பேக்கேஜும் ப்ராஜெக்ட்டின் மேல்மட்ட நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஏறி உட்கார்ந்துவிடுவதால் தற்செயலாக வேலை செய்யும். அப்படி மேலே ஏற்றாத பிஎன்பிஎம் என்ற பேக்கேஜ் மேனேஜருக்கு மாறிய அன்றே ‘கேனாட் ஃபைண்ட் மாட்யூல்’ வரும். ஒவ்வொரு பிளகினையும் ரிக்வயர் செய்தே கொடுக்க வேண்டும். அவை பிரீசெட்டின் டிபெண்டன்சிஸில் இருக்க வேண்டும், டெவ்டிபெண்டன்சிஸில் அல்ல. பேபல் கோர் மட்டும் பியர் டிபெண்டன்சி, அதாவது பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டே நிறுவ வேண்டியது. பேபலின் உதவி ஃபங்ஷன்களை ரன்டைம் பேக்கேஜிலிருந்து இம்போர்ட் செய்ய வைக்கும் டிரான்ஸ்ஃபார்ம்-ரன்டைம் பிளகின் இருந்தால், பேபல் ரன்டைமை அந்தந்த ஆப்பில்தான் நிறுவ வேண்டும். இம்போர்ட் வரி ஆப்பின் கோடில்தான் விழுகிறது.

அடுத்தது பிரீசெட்-என்வ்: எந்தச் சூழலில் ஓட வேண்டும் என்பதைப் பார்த்துத் தேவையான மாற்றங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் பேபலின் சொந்த பிரீசெட். அந்தச் சூழல்களின் பட்டியலான டார்கெட்ஸைப் பொதுவில் எழுதவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நோட் சர்வருக்கும் பிரவுசர் ஆப்புக்கும் தேவை வேறு. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தன் பிரவுசர்ஸ்லிஸ்ட்டை (எந்தப் பதிப்புகளில் ஓட வேண்டும் என்ற பட்டியல்) வைத்துக்கொள்ளட்டும். அதை மறந்தால் பேபல் 7 எல்லாவற்றையும் இஎஸ்5 என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு வரை இறக்கிவிடும்: நோட் நேரடியாகவே ஓட்டக்கூடிய அசிங்க் ஃபங்ஷன்கூட ரீஜெனரேட்டர் கோடாக மாறி ஃபைல் பெருக்கும். இம்போர்ட் வரிகளை மாற்றாதே என்று சொல்லும் ‘மாட்யூல்ஸ்: ஃபால்ஸ்’ என்றும் எழுத வேண்டாம். ஃபைல்களைக் கட்டும் வெப்பேக் சரியாக ஓடும், டெஸ்ட் ஓட்டும் ஜெஸ்ட் மட்டும் ‘இம்போர்ட்’ வரியில் நின்றுவிடும். ‘ஆட்டோ’வில் விட்டால், அழைக்கும் கருவி எதை ஏற்கும் என்பதைக் கேட்டு பேபலே முடிவு செய்யும்.

பல பேக்கேஜ்கள் ஒரே ரெப்போவில் இருக்கும் மோனோரெப்போவில், பேபல்ஆர்சி என்ற கான்ஃபிக் ஃபைல் அதன் சொந்த பேக்கேஜைத் தாண்டாது. ரூட்டில் பேபல்.கான்ஃபிக்.ஜேஎஸ் வைத்து, உட்பேக்கேஜிலிருந்து ஓட்டும்போது ரூட்மோடை ‘அப்வர்ட்’ (மேல் ஃபோல்டர்களில் ரூட் கான்ஃபிக்கைத் தேடு) ஆக்க வேண்டும்.

பிளகின் வரிசையிலும் கண் வையுங்கள்: ப்ராஜெக்ட்டின் பிளகின்கள் முதலில் ஓடும், பிரீசெட்கள் பிறகு, அதுவும் கடைசியிலிருந்து முதலுக்கு.

பிரீசெட்டைத் திருத்தியும் அவுட்புட் மாறவில்லையா? நோட்_மாட்யூல்ஸுக்குள் டாட்கேஷ் ஃபோல்டரில் பேபல்-லோடர் (வெப்பேக்கையும் பேபலையும் இணைப்பது) சேர்த்து வைத்ததை அழித்துவிட்டு மறுபடி பில்டு செய்து பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் ‘பேபல்_ஷோ_கான்ஃபிக்_ஃபார்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஒரு ஃபைலின் பாத்தைக் கொடுத்து ஓட்டினால், அந்த ஃபைலுக்கு எந்த கான்ஃபிக் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் காட்டும்.